தேயிலை தின்னாத யானை: மக்களும் காட்டுயிர்களும் பகிரும் நிலத்தை ஆராய்வது எப்படி?

யானை தேயிலை தின்னாது. வால்பாறை மேட்டில் எந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலைதான். அப்படியானால் யானைக்கு அங்கே என்ன வேலை? நெல், கரும்பு என்று யானை இறங்கி அழிக்கிற அளவுக்குப் பெரிய வெள்ளாமை எதுவும் இல்லாத ஓர் ஊரில், யானையால் ஆட்கள் இறந்துகொண்டிருந்தது எப்படி?

இந்த இரண்டு கேள்விகளையும் 2002 முதல் விடாமல் பின்தொடர்ந்தவர் எம். ஆனந்த குமார். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர். அவரும் அவருடைய குழுவும் செய்த வேலையைப் புரிந்துகொண்டால், 'மனித–காட்டுயிர் உறவு', 'சமூகம் சார்ந்த பாதுகாப்பு' என்று கருத்தரங்குகளில் அடிபடும் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும். அதனால் வரையறைகளைத் தள்ளிவைத்துவிட்டு வால்பாறையிலிருந்தே தொடங்கலாம்.

காடு எங்கே முடிகிறது?

வரைபடத்தில் காடு பச்சையாக இருக்கும், ஊர் வெள்ளையாக இருக்கும், நடுவில் ஒரு கோடு ஓடும். 'யானை ஊருக்குள் புகுந்தது' என்று நாம் பேசுவதெல்லாம் அந்தக் கோட்டை நம்பித்தான்.

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் தொடங்கி இங்கிருந்த மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் நட்டார்கள். ஆனால் முழுவதையும் வெட்டவில்லை. சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு இன்னும் மிச்சமிருக்கிறது. மேட்டைச் சுற்றித் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். கேரளப் பக்கம் பறம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். இத்தனை காடுகளுக்கு நடுவே சுமார் எழுபதாயிரம் பேர் வசிக்கிறார்கள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற யானைக்கு இந்த மேடு நடுவழி. தேயிலை போடுவதற்கு முன்பும் அப்படித்தான் போயிருக்கும். இங்கே எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்?

இதைத்தான் பகிரப்படும் நிலம் என்கிறார்கள். ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையில் நாடு முழுவதும் எடுத்த ஒரு கணக்கெடுப்பின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானை நடமாட்டம் இருக்கிறது. யானை இருக்கும் அந்த நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். 'யானையைக் காட்டுக்குள் விரட்டுங்கள்' என்று அங்கே ஒருவர் சொன்னால், எந்தக் காட்டுக்குள் என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஒன்றும் நடக்காத நாட்கள்

'யானை மிதித்துத் தொழிலாளி பலி' என்பது செய்தி. 'யானைக் கூட்டம் லைன் வீடுகளுக்குப் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்னால் இரவு முழுக்க நின்றது, விடிவதற்கு முன் போய்விட்டது' என்பது செய்தி ஆகாது. ஆனால் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். பத்திரிகைத் துண்டுகளை மட்டும் சேர்த்து வைத்து ஆய்வு செய்தால் மனிதனும் யானையும் சந்திக்கும்போதெல்லாம் சாவு விழுகிறது என்ற எண்ணம்தான் வரும்.

ஒன்றும் நடக்காததையும் எதற்காகக் குறித்து வைக்க வேண்டும்? ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பாதையில் ஐந்து ஆண்டில் ஐந்து தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. இன்னொரு பாதையில் ஒன்றுதான். எது ஆபத்தான பாதை? முதல் பாதை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் முதல் பாதையை யானைகள் தினமும் கடக்கின்றன, இரண்டாவதை ஆண்டுக்கு இரண்டு முறைதான் கடக்கின்றன என்று தெரிந்தால் பதில் தலைகீழாகிவிடும். தினமும் யானை கடந்தும் ஐந்தே தாக்குதல்கள் என்றால், அந்தப் பாதையில் நடப்பவர்கள் யானையைச் சமாளிக்க ஏதோ கற்றிருக்கிறார்கள். அது என்ன என்று போய்ப் பார்ப்பதும் ஆய்வாளர் வேலைதான். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்பது என் எண்ணம்.

கணக்கில் வராத இன்னொரு பக்கமும் உண்டு. யானை ஒரு வாழைத் தோப்பை அழித்தால் அதற்கு ஓர் இழப்பீட்டு மனு இருக்கும், கோப்பு இருக்கும். ராத்திரி முழுக்கக் காவல் இருந்துவிட்டு மறுநாள் கூலி வேலைக்குப் போகிறவரின் தூக்கத்துக்குக் கோப்பு கிடையாது. பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து தன் வேலையை விடும் தாய்க்கும் கிடையாது. கணவனைப் பறிகொடுத்தவர் இழப்பீட்டுக்காகச் சான்றிதழ் சான்றிதழாக அலைவது எந்தச் சேதப் பட்டியலிலும் வராது. விலங்கோடு வாழ்வதன் விலை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி விழுவதில்லை. ஏழை வீட்டில்தான் அது கனமாக விழும். காட்டுயிரைப் பார்த்து மகிழ நகரத்திலிருந்து வருகிறவர்கள் அந்த விலையில் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வால்பாறையில் கண்டது

முதல் வேலை, யானைகளைத் தெரிந்துகொள்வது. காது மடலில் உள்ள கிழிசல், தந்தத்தின் வளைவு, முதுகின் வடிவம், வால் நுனி முடி என்று பார்த்து ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். கூட்டத்தில் எத்தனை பெண் யானைகள், எத்தனை குட்டிகள் என்று தெரிந்தால் கூட்டத்தையும் அடையாளம் காணலாம். அதற்குப் பிறகு தினமும் பின்தொடர்ந்து எந்த நேரத்தில் எங்கே நிற்கின்றன என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. மழையிலும் பனிமூட்டத்திலும் செய்து பார்ப்பது வேறு.

அப்படிக் குறித்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பகலில் யானைகள் மழைக்காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோர மரங்களுக்குள்ளும் ஒதுங்கின. இருட்டிய பிறகு தேயிலை வழியாக நகர்ந்தன. பரப்பில் சிறியதாக இருந்தாலும் நடு ஆறு, சோலையாறு ஓரத்து இயற்கைக் காட்டை அவை மிக அதிகமாகப் பயன்படுத்தின. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: யானைக்குத் தேயிலையில் வேலை இல்லை, அதைத் தாண்டிப் போகிற வேலைதான். இந்தத் தகவல் கையில் இருந்தால் எந்த ஆற்றோரத்தை வெட்டக் கூடாது, எங்கே வேலி போட்டால் வம்பு என்று எஸ்டேட் நிர்வாகத்திடம் பேச முடியும். இதே மேட்டில் அதே அமைப்பின் ஆய்வாளர்களான திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் 2000-களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட்டுகளோடு சேர்ந்து, சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் அந்தக் காட்டுக்கே உரிய மரங்களை நட்டு மீட்டு வருகிறார்கள். யானை எங்கே ஒதுங்குகிறது என்ற கேள்வியும் எங்கே மரம் நடுவது என்ற கேள்வியும் சந்திக்கும் இடம் அது.

இரண்டாவது வேலை கடினமானது. நடந்த ஒவ்வொரு மரணத்தையும் திரும்பிப் பார்ப்பது. எந்த இடம், எத்தனை மணி, தனியாகவா கூட்டமாகவா, நடந்தா வண்டியிலா, கடைசியாக ஒரு கேள்வி: பக்கத்தில் யானை இருப்பது அவருக்கு முன்கூட்டியே தெரியுமா?

பதில் கிட்டத்தட்ட எல்லாச் சம்பவங்களிலும் ஒன்றுதான். தெரியாது.

வால்பாறையின் அன்றாடத்தை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வேலை முடித்து, டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி, மாலை பஸ்ஸில் திரும்பி, எஸ்டேட் பிரிவில் இறங்கி, அங்கிருந்து லைன் வீடு வரை நடக்க வேண்டும். இடுப்புயரத் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. விளக்கு இல்லை. பனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பது தெரியாது. பகலெல்லாம் ஒதுங்கியிருந்த யானை நகரத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். இரு தரப்பும் திடுக்கிடும்போது ஒரு தரப்பு மூன்று நான்கு டன் எடை.

இங்கேதான் ஆய்வு என்பதன் பயன் புரிகிறது. 'யானைக்குக் கோபம்', 'யானைக்குப் பசி' என்று முடிவு கட்டியிருந்தால் அடுத்து வருவது அகழி, மின்வேலி, கும்கி. 'இறந்தவருக்குத் தெரியவில்லை' என்பது முடிவானால் அடுத்து வருவது, தெரியப்படுத்துவது. அகழி வெட்டுவதைவிட அதற்குச் செலவு குறைவு.

2006-இல் உள்ளூர்க் கேபிள் டிவியில் மாலை நேரத்தில் திரையின் அடியில் ஒரு வரி ஓடத் தொடங்கியது: இன்று இந்த எஸ்டேட்டில், இந்தப் பகுதியில் யானைகள் உள்ளன. சீரியல் பார்க்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும். 2011-இல் செல்போன் குறுஞ்செய்தி வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பும் சேர்ந்தது. அதே ஆண்டு, யானை அடிக்கடி கடக்கும் இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்குகள் பொருத்தினார்கள். யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நிற்கலாமா, சுற்றிப் போகலாமா, துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யலாம்.

விளக்கைப் போடுவதும் அணைப்பதும் செல்போன் வழியாக. பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் போதும். தொடக்கத்தில் ஆய்வுக்குழுவே அதிகம் இயக்கியது. சில ஆண்டுகளில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே இயக்கத் தொடங்கிவிட்டார்கள். மொத்தக் கதையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். விளக்கு வேலை செய்ய வேண்டுமானால், யானையைப் பார்த்த ஒருவர் முன்பின் தெரியாத யாருக்காகவோ நின்று போன் பண்ண வேண்டும். பொறியியலால் அதைச் செய்ய முடியாது. உயிர்ச்சேதம் குறைந்தது. இந்த வேலைக்காக 2015-இல் ஆனந்த குமாருக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

கொஞ்சம் சந்தேகப்படவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருவர், இருவர், மூவர் என்று மாறும் சிறிய எண்களில் ஓர் ஆண்டு குறைந்துவிட்டதை வைத்து வெற்றி என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு யானைகள் குறைவாக வந்திருக்கலாம். சாலை மாறியிருக்கலாம், ஆட்கள் டூவீலருக்கு மாறியிருக்கலாம். பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதும், யானை நடமாட்டத்தையும் கூடவே அளப்பதும் இதற்காகத்தான். முன்பு சொன்ன 'ஒன்றும் நடக்காத நாட்கள்' கணக்கு மறுபடி இங்கே உதவிக்கு வரும்.

அரிசி

உயிர்ச்சேதத்தைத் தவிர வால்பாறையில் பொருட்சேதமும் உண்டு. அதிகம் அடிபடுபவை ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும். காரணம் அரிசி, பருப்பு, உப்பு. சுவரை இடித்து மூட்டையை இழுக்கும் யானையைக் குற்றம் சொல்வதற்கு முன், யானை வழியில் ஏன் அரிசிக் கிடங்கு கட்டினார்கள் என்று கேட்கலாம். சரக்கை அன்றன்றே கொண்டு வருவது, கிடங்கை இடம் மாற்றுவது போன்ற சில்லறை ஏற்பாடுகள் இதற்குப் பெரிய திட்டங்களைவிட நன்றாக வேலை செய்யும்.

அரிசி என்றதும் அரிசிக்கொம்பன் நினைவுக்கு வரும். இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்துப் பெயர் வாங்கிய அந்த ஆண் யானையை 2023 ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். ஒரே மாதத்தில் கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் தொடக்கத்தில் தமிழக வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு தர்மபுரிப் பக்கம் பிடித்து ஆனைமலையில் விட்ட ஒரு மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை, நடந்தே கோவை நகரின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

பிடித்து வேறிடத்தில் விடுவது மக்கள் கேட்பது, அரசியல்வாதிக்கும் பிடித்தது, டிவியில் நன்றாகத் தெரிவது. அது பலன் தருகிறதா என்பதை இலங்கையில் அளந்து பார்த்தார்கள். பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பின. சில ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தன. சில புதிய இடத்தில், ஆனால் காப்பகத்துக்கு வெளியே, தங்கின. மொத்தத்தில் மனித உயிர்ச்சேதமும் யானைச் சாவும் கூடின. பழைய ஊரின் பிரச்சினை புதிய ஊருக்குப் போனது. புதிய ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுத்தைகளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல்கள் 17 ஆக உயர்ந்தன. இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் வித்யா அத்ரேயா. பிறகு அவர் பக்கத்திலுள்ள அகோலே வட்டாரத்தில் கேமரா வைத்தார். காடே இல்லாத, கரும்பு வயல்கள் நிறைந்த, சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் இடம் அது. ஒவ்வொரு சிறுத்தையின் உடலிலும் புள்ளிகள் அமைந்த விதம் வேறு. நம் கைரேகை மாதிரி. படங்களை ஒப்பிட்டதில் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் இருப்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஆளைக் கொன்ற சம்பவம் இல்லை. எச்சத்தைச் சோதித்ததில் அவற்றின் முக்கிய உணவு நாய்.

சரி, அப்போது வால்பாறைச் சிறுத்தையும் நாய்தான் தின்னும் என்று எழுதிவிடலாமா? கூடாது. அங்கே எச்சத்தைச் சோதித்தபோது கேளையாடு, கடமான், முள்ளம்பன்றி என்று பெரும்பகுதி காட்டு இரைதான் கிடைத்தது. ஒரே விலங்கு, அகோலேயில் ஒரு சாப்பாடு, வால்பாறையில் இன்னொன்று. ஓரிடத்து முடிவை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வேலி யாருடையது?

இனி சமூகம் சார்ந்த பாதுகாப்பு. கூட்டம் போட்டு, வடை காப்பி கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு 'மக்கள் பங்கேற்புடன்' என்று அறிக்கை எழுதுவதும் நடக்கிறது. அதை விட்டுவிடலாம்.

இலங்கையில் மின்வேலிகளைப் பல இடங்களில் வனவிலங்குத் துறையின் நில எல்லையை ஒட்டியே போட்டு வந்தார்கள். அது அலுவலக எல்லை. யானைக்கு அது தெரியாது. வேலியின் இரு பக்கமும் யானைகள் இருந்தன. வேலி எங்கோ காட்டுக்குள் ஓடியது, அறுந்தால் பார்க்க ஆள் இல்லை. பெர்னாண்டோவின் குழு இதை மாற்றி யோசித்தது: யானையை அடைக்காதே, ஊரையும் வயலையும் அடை. குடியிருப்பைச் சுற்றி ஒரு நிரந்தர வேலி. வயலைச் சுற்றி இன்னொரு வேலி. அது பயிர் இருக்கும் வரைதான். அறுவடை முடிந்ததும் விவசாயிகளே கழற்றிவிடுவார்கள், யானை உள்ளே வந்து தாளையும் புல்லையும் மேய்ந்துகொள்ளும். வேலி தன் வயலை ஒட்டி இருப்பதால் தினமும் கண்ணில் படுகிறது, கம்பி தொங்கினால் இழுத்துக் கட்ட ஆள் இருக்கிறது. பராமரிப்புக்கான பணத்தையும் முறை வைத்துக் காவல் பார்ப்பதையும் விவசாயிகள் சங்கம் பார்த்துக்கொள்கிறது.

2023-இல் மட்டும் இலங்கையில் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். எனவே, நல்ல வழி தெரிந்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரிந்த வழியை நாடெங்கும் கொண்டுபோவது வேறொரு போராட்டம், அதில் பாதி அரசியல்.

இமயமலையின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்ற ஊர் இருக்கிறது. பனிச்சிறுத்தை அங்கே ஆட்டையும் கன்றையும் அடிக்கும். ஊர்க்காரர்களே சந்தா கட்டி ஒரு கால்நடைக் காப்பீடு நடத்துகிறார்கள். இழப்பு உண்மைதானா என்று பார்ப்பது ஊர்க் குழுவே என்பதால் பொய்க் கோரிக்கை எடுபடாது. ஆடு யாருடையது, எப்படிச் செத்தது என்று ஊருக்கே தெரியும். மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென்று ஒதுக்கியும் வைத்தார்கள்.

வால்பாறைக்கு அடுத்த மலைக்கே வருவோம். வாழச்சால் காடுகளில் வாழும் காடர்கள் ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுப்பார்கள். கூடு எந்த மரத்தில், எந்தப் பொந்தில் என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2000-களின் நடுவிலிருந்து, அமிதா பச்சன் என்ற தாவரவியல் ஆய்வாளரின் (நடிகர் இல்லை) முயற்சியில், அதே அறிவை வைத்து அவர்கள் கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். 2014-இல் அங்குள்ள ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டத்தின்படி ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. காவல் காக்கிற கூலியாளுக்கும் உரிமை உள்ள காவலருக்கும் வேறுபாடு இருக்கிறது. உரிமை உள்ளவர் 'இங்கே அணை வேண்டாம்' என்றும் சொல்லலாம்.

அதனாலேயே 'சமூகம்' என்று எழுதும்போது யார் என்று நின்று கேட்க வேண்டியிருக்கிறது. வால்பாறையில் நிலம் எஸ்டேட் நிறுவனத்துடையது அல்லது அரசுடையது. லைன் வீடும் தொழிலாளியுடையது அல்ல. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆற்றோரத்தில் மரம் விடலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் மேலாளருக்கு, அந்த ஆற்றோரத்தில் இரவில் நடக்கும் ஆபத்து கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு. இப்போது வட மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் நிறைய. தமிழில் வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரியுமா? இரண்டு தலைமுறையாக அங்கே இருக்கிறவருக்குத் தெரிந்த யானை வழி, போன மாதம் வந்தவருக்குத் தெரியுமா? எஸ்டேட் அலுவலகத்தில் உட்கார்ந்து நான்கு பேரைப் பேட்டி எடுத்துவிட்டு 'மக்கள் கருத்து' என்று எழுதினால் இவர்களில் யாருமே அதில் இருக்க மாட்டார்கள்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு

கேள்வி கேட்கும் விதத்தில் பாதி வேலை இருக்கிறது. 'யானைத் தொந்தரவு அதிகமா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற பதில் தயாராக இருக்கும். இழப்பீடு கொடுக்க வந்தவர் என்று நினைத்தால் இன்னும் அழுத்தமாக வரும். 'கடைசியாக யானையை எப்போது பார்த்தீர்கள்? எங்கே? நீங்கள் என்ன செய்தீர்கள், அது என்ன செய்தது?' என்று கேட்டுப் பாருங்கள். நடந்தது வரும். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு கதையும் வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வனச்சரக அலுவலகத்தின் இழப்பீட்டுப் பதிவேடு நல்ல தொடக்கம், ஆனால் அதில் இருப்பது மனு கொடுத்தவர்களின் கணக்கு. பட்டா இல்லாதவர், அலுவலகம் வந்துபோகப் பஸ் காசு இல்லாதவர், மனு எழுத ஆள் இல்லாதவர் அதில் இல்லை. பதிவேட்டில் சேதமே இல்லாத குக்கிராமத்துக்கு ஒரு நடை போய்வந்தால் சில நேரம் மொத்த வரைபடமும் மாறும்.

சாவு நடந்த வீட்டுக்கு எப்போது போவது, போகலாமா என்பதை உள்ளூர் ஆளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் ஆய்வுக்கு அவசரம் இருக்கலாம், அவர்களுக்கு இல்லை. யானை நிற்கும் இடத்தைச் சமூக வலைத்தளத்தில் நேரலையாகப் போடாதீர்கள். எச்சரிக்கை யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போகட்டும், செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்கு வேண்டாம். கடைசியில் ஆய்வறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. எந்த ஊரில் கேட்டீர்களோ அந்த ஊரில், மாலை வேலை முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில், வரைபடத்தை விரித்து வைத்துக் கண்டதைச் சொல்லுங்கள். 'இந்த இடம் தப்பு தம்பி, கூட்டம் அந்த ஓடை வழியாத்தான் ஏறும்' என்று யாராவது ஒருவர் திருத்துவார். அதையும் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் அந்த ஓடைக்குப் போய்ப் பாருங்கள்.